எரிபொருள் முள் சொல்வது உண்மையா? சொந்தமாகக் கட்டும் விமானங்களில் தொட்டிக் கசிவும் ‘எர்த்’ கோளாறும்: ஒரு விளக்கம்

சென்னையிலிருந்து ஊத்துக்கோட்டை, பிச்சாட்டூர், நாராயணவனம் வழியாகத் திருப்பதிக்குக் காரில் செல்பவருக்கு, எரிபொருள் முள் திடீரெனக் கீழே விழுந்தால் சிறிய பதற்றம் மட்டுமே ஏற்படும். புத்தூருக்குள் ஏதேனும் ஒரு பெட்ரோல் பங்க் வந்துவிடும். வராவிட்டாலும் வண்டியைச் சாலையோரம் நிறுத்திக்கொள்ளலாம். அதே முள் ஒரு சிறிய விமானத்தில் பொய் சொன்னால் நிலைமை வேறு. நிறுத்தி வைக்க வானில் சாலையோரம் கிடையாது.

இருக்கும் பெட்ரோலை இல்லை என்று முள் காட்டினால் விமானி வீணாகத் தரையிறங்குவார். இல்லாத பெட்ரோலை இருப்பதாகக் காட்டினால் இயந்திரம் நடுவானில் நின்றுபோகும். இந்த இரு பொய்களுக்கும் காரணம் பெரும்பாலும் ஒரே இடத்தில் இருக்கிறது. தொட்டியின் சுவரில் ஐந்து திருகுகளால் பொருத்தப்பட்ட, உள்ளங்கை அகலமே உள்ள ஒரு வட்டத் தகடுதான் அந்த இடம். எரிபொருள் கசிவதும் அங்கேதான். மின்சாரம் தொட்டிக்குள் நுழைவதும் அங்கேதான். தாமே விமானம் கட்டுவோர் இந்தத் தகட்டைப் பற்றி அறிந்திருக்க வேண்டியவை என்ன? இங்கே பார்க்கலாம்.

இந்தியாவில் சொந்த விமானங்கள்

தொழிற்சாலையில் வாங்காமல், வரைபடத்தையோ உதிரித் தொகுப்பையோ வைத்துத் தனிநபர்கள் கட்டும் சிறிய விமானங்கள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆயிரக்கணக்கில் பறக்கின்றன. வேலையின் பெரும்பகுதியைக் கட்டுபவரே கற்றலுக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ செய்திருக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி.

இந்தியாவில் இத்தகைய முயற்சிகள் அரிது. மும்பையைச் சேர்ந்த விமானி அமோல் யாதவ், தாம் வசித்த கட்டடத்தின் மொட்டை மாடியில் 6 இருக்கைகள் கொண்ட விமானத்தை உருவாக்கியவர். 2016-இல் மும்பையில் நடைபெற்ற ‘மேக் இன் இந்தியா’ வாரத்தில் அது காட்சிக்கு வைக்கப்பட்டது. பல ஆண்டு காலப் போராட்டத்துக்குப் பிறகு 2017-இல் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அதைப் பதிவு செய்தது.

அதற்கு முன்பே பெங்களூரில் உள்ள தேசிய விண்வெளி ஆய்வகம், அமெரிக்க வடிவமைப்பாளர் பர்ட் ரூட்டனின் ‘லாங்-ஈஇசட்’ என்ற வீட்டுத் தயாரிப்பு விமானத்தை அடிப்படையாகக் கொண்டு ஓர் ஆய்வு விமானத்தைக் கட்டி 1987-இல் பறக்கவிட்டது. கண்ணாடி இழைக் கலவைப் பொருளில் விமானம் கட்டும் அனுபவம் பின்னர் அந்த ஆய்வகத்தின் ‘ஹன்சா’ பயிற்சி விமானத்தில் தொடர்ந்தது. ஹன்சாவின் புதிய வடிவம் 2021 செப்டம்பர் 3 அன்று முதன்முறையாகப் பறந்தது. 2022-இல் பெங்களூரிலிருந்து புதுச்சேரிக்குப் பறந்து, கடல் மட்டச் சோதனைகளையும் முடித்தது.

உலோகம், கலவைப் பொருள் ஆகிய இரண்டில் எதில் கட்டினாலும் எரிபொருள் தொட்டிக்குள் எவ்வளவு இருக்கிறது என்று அறிய ஒரு கருவி வேண்டும். அங்கேதான் கதை தொடங்குகிறது.

மிதவை உணரி எவ்வாறு இயங்குகிறது?

கார், டிராக்டர், மோட்டார் சைக்கிள் ஆகியவற்றில் உள்ள அதே எளிய கருவியே பெரும்பாலான வீட்டுத் தயாரிப்பு விமானங்களிலும் பயன்படுகிறது. பணிமனைகளில் இதை ‘டேங்க் யூனிட்’ என்றும் ‘ஃப்ளோட்’ என்றும் அழைப்பார்கள். தொட்டிக்குள் ஒரு மிதவை. அதைத் தாங்கும் மெல்லிய கம்பி. கம்பியின் மறுமுனையில் மின்தடைச் சுருளின் மேல் உரசிச் செல்லும் ஒரு தொடுமுனை. எரிபொருள் ஏறி இறங்கும்போது மிதவை நகர்கிறது. மின்தடையும் அதற்கேற்ப மாறுகிறது.

விமானியின் முன்னுள்ள அளவுமானியிலிருந்து வரும் சிறிய மின்னோட்டம் ஒரு கம்பி வழியாக உணரிக்குள் சென்று, சுருளைக் கடந்து, உணரியின் உலோகத் தகடு வழியாக விமானத்தின் உடலுக்குத் திரும்புகிறது. இந்தத் திரும்பும் பாதையைத்தான் ‘எர்த்’ என்கிறோம். போகும் பாதைக்கு ஒரு கம்பி கண்ணுக்குத் தெரிகிறது. திரும்பும் பாதையோ தகடு, திருகு, தொட்டிச் சுவர், இறக்கை, உடல் என்று பல இணைப்புகளைக் கடந்து மின்கலத்தின் எதிர்முனையை அடைகிறது. இவற்றுள் ஒன்று துருப்பிடித்தாலும், பெயின்ட் பூசப்பட்டாலும், சீலன்ட் படர்ந்தாலும் பாதை தடைபடும்.

முள் எந்தப் பக்கம் பொய் சொல்லும்?

எர்த் இணைப்பு அறுந்தால் முள் என்ன காட்டும் என்பது உணரியின் வகையைப் பொறுத்தது. கட்டுபவர் பலரும் கவனிக்கத் தவறும் செய்தி இது.

அமெரிக்க வகை உணரிகள் பலவற்றில் தொட்டி காலியாக இருக்கும்போது மின்தடை 240 ஓம்; நிறைந்திருக்கும்போது 33 ஓம். எர்த் அறுந்தால் மின்தடை எல்லையின்றி உயரும். அளவுமானி அதைக் ‘காலி’ என்று படிக்கும். விமானி பயந்து தரையிறங்குவார், விமானம் தப்பும்.

ஐரோப்பிய வகை உணரிகள் பலவற்றில் இது தலைகீழ். காலித் தொட்டிக்கு 10 ஓம்; நிறைந்த தொட்டிக்கு 180 ஓம். இங்கே எர்த் அறுந்தால் அளவுமானி ‘நிறைவு’ என்று காட்டும். இணைப்பு முழுமையாக அறுந்துபோக வேண்டிய அவசியமும் இல்லை. துருவினால் 50 ஓம் கூடுதலாகச் சேர்ந்தாலே போதும். உண்மையில் காலியான தொட்டி, கால் பங்குக்கும் மேல் எரிபொருள் இருப்பதாகக் காட்டும்.

முதல் வகைக்கும் ஆபத்தான பக்கம் ஒன்று உண்டு. உணரிக்குச் செல்லும் கம்பியின் உறை தேய்ந்து விமான உடலைத் தொட்டால் மின்தடை பூச்சியத்துக்கு இறங்கும். அப்போது 240–33 வகை அளவுமானி ‘நிறைவு’ என்று காட்டும். சுருக்கமாகச் சொன்னால், ஒரு வகையில் அறுந்த எர்த் ஆபத்து. மற்றொரு வகையில் உரசிய கம்பி ஆபத்து. தம் விமானத்தில் இருப்பது எந்த வகை என்று தெரிந்தால்தான் எந்தக் கோளாறை முதலில் அஞ்ச வேண்டும் என்பது தெரியும்.

கசிவு ஏன் ஏற்படுகிறது?

கார்களில் உணரி பெரும்பாலும் தொட்டியின் மேற்பகுதியில் இருக்கும். அங்கே சீலன்ட் சற்றுப் பழுதானாலும் வெளியேறுவது ஆவி மட்டுமே. விமானத்தின் இறக்கைத் தொட்டியோ ஆழம் குறைந்தது. மேலிருந்து மிதவையைத் தொங்கவிட இடம் போதாது. எனவே உணரியைப் பல வடிவமைப்புகளில் தொட்டியின் பக்கச் சுவரிலோ பின்சுவரிலோ பொருத்துகிறார்கள். தொட்டி நிறைந்திருக்கும்போது அந்தத் தகடு எரிபொருள் மட்டத்துக்குக் கீழே இருக்கும். சிறு இடைவெளி போதும், கசிவு நிற்காது.

கசிவுக்கு வழக்கமான காரணங்கள் சில. தகடு பதியும் பரப்பைச் சரியாகச் சுத்தம் செய்யாமல் சீலன்ட் பூசுவது முதல் காரணம். கைவிரல் எண்ணெய்ப் படலம்கூட ஒட்டுதலைக் கெடுத்துவிடும். திருகுகளைச் சமமாக முறுக்காமல் ஒரு பக்கம் அதிகமாக இறுக்கித் தகட்டை வளைப்பது இரண்டாவது. தகட்டின் விளிம்பை மூடிவிட்டு, தொட்டிக்குள் துளைத்துச் செல்லும் திருகுகளின் மரையை மூடாமல் விடுவது மூன்றாவது. எரிபொருள் மரை வழியே வெளியே நடந்து வந்துவிடும். தக்கை கேஸ்கெட் காய்ந்து சுருங்குவது நான்காவது.

ஐந்தாவது காரணம் பலரையும் ஏமாற்றுகிறது. தகட்டின் நடுவில், கம்பி இணைக்கும் முனை ஒரு மின்காப்புப் புஷ் வழியாக உள்ளே செல்கிறது. கசிவு அந்தப் புஷ்ஷிலேயே இருந்தால் தகட்டைச் சுற்றி எத்தனை முறை சீலன்ட் பூசினாலும் பயன் இல்லை. உணரியையே மாற்ற வேண்டும்.

கசியும் இடத்தைக் கண்டறிவது எப்படி?

ஈயம் கலந்த விமானப் பெட்ரோல் வகைகளில் பரவலாக விற்கப்படுவது நீல நிறச் சாயம் சேர்க்கப்பட்டது. அது கசிந்து உலர்ந்த இடத்தில் நீலக் கறை படியும். கார் பெட்ரோல் விரைவில் ஆவியாகி, மங்கலான பழுப்புக் கறையை விட்டுச் செல்லும். கறை தெரியும் இடமே கசியும் இடமாக இருக்க வேண்டியதில்லை. எரிபொருள் இணைப்பு விளிம்பு வழியே ஊர்ந்து சென்று தாழ்வான இடத்தில் சொட்டும். கறையிலிருந்து மேல்நோக்கித் தேட வேண்டும்.

தொட்டியைக் காலி செய்து காற்றோட்டம் தந்த பின், எல்லாத் துளைகளையும் அடைத்து மிகக் குறைந்த அழுத்தத்தில் காற்றை நிரப்பி, சோப்பு நீரைத் தடவிப் பார்ப்பது நம்பகமான வழி. குமிழி எழும் இடமே குற்றவாளி. இதில் காற்றழுத்தக் கருவியை நேரடியாக இணைப்பது பெரும் பிழை. சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு என்ற சிறிய அழுத்தம்கூட, ஒரு சதுர மீட்டர் தொட்டிச் சுவரில் ஏறத்தாழ 700 கிலோ எடையாக அழுத்தும். தொட்டி புடைத்துப் போகும். இதனால்தான் அனுபவசாலிகள் காற்றுப்போக்கிக் குழாயின் முனையில் ஒரு சாதாரண பலூனைக் கட்டுகிறார்கள். அழுத்தம் கூடினால் பலூன் பெரிதாகும், தொட்டி தப்பும். பலூன் சுருங்கினால் கசிவு உண்டு. வெயில் ஏறும்போதும் இறங்கும்போதும் பலூன் தானே மாறும் என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

சரிசெய்யும் முறை: படிப்படியாக

வேலையைத் தொடங்கும் முன் மின்கலத்தின் எதிர்முனைக் கம்பியைக் கழற்ற வேண்டும். திறந்த வெளியில், தீயணைப்பான் அருகிருக்க வேலை செய்ய வேண்டும். எரிபொருளை வடிக்கும் உலோகக் கலனையும் விமானத்தையும் கம்பியால் இணைத்த பிறகே வடிகால் வால்வைத் திறக்க வேண்டும்.

காலித் தொட்டி பாதுகாப்பானது என்று நினைப்பது தவறு. பெட்ரோல் ஆவி காற்றில் ஏறத்தாழ 1.4 முதல் 7.6 சதவீதம் வரை கலந்திருக்கும்போதுதான் தீப்பற்றும். நிறைந்த தொட்டிக்குள், வெப்பமான நாட்களில், ஆவி இதைவிட அடர்த்தியாக இருப்பதால் எளிதில் பற்றாது. வடித்த தொட்டிக்குள் காற்று நுழைந்து ஆவி மெலியும்போது அது பற்றும் எல்லைக்குள் வந்துவிடுகிறது. கசிவின் ஆபத்தும் இதே காரணத்தால்தான். தொட்டிக்குள் பற்றாத ஆவி, வெளியே காற்றுடன் கலந்ததும் பற்றக் காத்திருக்கிறது. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனமானது. இறக்கையின் அடியிலும் விமானி அறையின் தரையிலும் தேங்கும்.

ஆவி வெளியேறிய பின் திருகுகளைக் கழற்றி, பழைய சீலன்டை பிளாஸ்டிக் சுரண்டியால் நீக்க வேண்டும். எஃகுக் கத்தி அலுமினியத்தைக் கீறும். அந்தக் கீறலே அடுத்த கசிவுக்கு வழியாகும். உணரியை வெளியே எடுக்கும் முன் மிதவை எந்தப் பக்கம் நோக்கியிருந்தது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். வெளியே எடுத்ததும் மிதவையைக் கையால் மேலும் கீழும் நகர்த்தி, மல்டிமீட்டரில் மின்தடை சீராக மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். இடையில் அளவு தாவினால் சுருள் தேய்ந்துவிட்டது என்று பொருள்.

பரப்பைக் கரைப்பான் கொண்டு துடைக்கும்போது, கரைப்பான் தானே உலருமுன் வேறொரு சுத்தமான துணியால் துடைத்தெடுக்க வேண்டும். தானே உலர்ந்தால் அழுக்கு மீண்டும் அங்கேயே படியும்.

எரிபொருள் தொட்டிகளுக்கென்றே தயாரிக்கப்படும் இரு பகுதிப் பாலிசல்பைடு சீலன்டே இங்கே ஏற்றது. தயாரிப்பாளர் சொல்லும் விகிதத்தில், எடை போட்டுக் கலக்க வேண்டும். கண்ணளவில் கலந்தால் இறுகாமல் போகும். கடையில் கிடைக்கும் சாதாரண சிலிக்கான் பசையைப் பயன்படுத்தவே கூடாது. பெட்ரோலில் அது ஊறி நெகிழும். பிறகு அந்தப் பரப்பில் வேறு எந்தச் சீலன்டும் ஒட்டாது. குழாய் வேலையில் பயன்படும் டெஃப்லான் நாடாவுக்கும் இங்கே இடமில்லை. அதன் துணுக்குகள் வடிகட்டியை அடைக்கும்.

தகட்டுக்கும் சுவருக்கும் இடையே மெல்லிய, இடைவெளியற்ற படலம் வேண்டும். திருகுகளையும் சீலன்டில் தோய்த்தே செலுத்த வேண்டும். எதிரெதிர்த் திருகுகளாகச் சிறிது சிறிதாக இறுக்கினால் தகடு வளையாது. சீலன்ட் முழுமையாக இறுகச் சில நாட்கள் ஆகும். குளிர்ந்த இடத்தில் இன்னும் நீளும். அதற்கு முன் எரிபொருள் நிரப்பினால் மொத்த வேலையும் வீணாகும்.

கசிவை அடைத்தால் எர்த் போகலாம்

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். பாலிசல்பைடு ஒரு நல்ல மின்காப்பி. தகட்டையும் திருகுகளையும் அதில் தோய்த்துப் பொருத்தினால் கசிவு நிற்கும். அத்துடன் மின்சாரம் திரும்பும் பாதையும் நின்றுபோகலாம். நேற்று வரை ஒழுங்காக வேலை செய்த முள் இன்று தாறுமாறாக ஆடினால், உணரி கெட்டுவிட்டது என்று புதிதாக ஒன்றை வாங்குவதற்கு முன் எர்த்தைச் சோதிப்பது நல்லது.

திருகின் மரைகள் உலோகத்தோடு உரசி எப்படியோ இணைப்புத் தரும் என்று நம்பியிருப்பதைவிட, தகட்டின் ஒரு திருகுத் தலையின் கீழ் வளைய முனை கொண்ட தனிக் கம்பியைப் பொருத்தி, அதை விமானத்தின் பொது எர்த் முனைக்குக் கொண்டு செல்வதே உறுதியான தீர்வு. அந்த இடத்தில் தகட்டின் மேற்பரப்பைப் பளபளப்பாகச் சுரண்டி, பல் வாஷர் வைத்து இறுக்க வேண்டும். பிறகு தகட்டுக்கும் மின்கலத்தின் எதிர்முனைக்கும் இடையே மின்தடையை அளக்க வேண்டும். அது ஒரு ஓமுக்கும் மிகக் குறைவாக இருக்க வேண்டும். சீலன்ட் இறுகுவதற்கு முன்பே இந்தச் சோதனையைச் செய்துவிட்டால், தவறு இருந்தால் திருத்திக்கொள்ளலாம்.

கண்ணாடி இழை, பிளாஸ்டிக் தொட்டிகளில் தனி எர்த் கம்பி கட்டாயம். அங்கே சுவர் மின்சாரத்தைக் கடத்தாது. கம்பி இல்லையென்றால் பாதையே இல்லை.

நிலை மின்சாரம் என்ற இரண்டாவது எதிரி

எர்த் இணைப்புக்கு இன்னொரு வேலையும் உண்டு. குழாய் வழியே பெட்ரோல் பாயும்போது நிலை மின்னூட்டம் உருவாகிறது. உலோகத் தொட்டியில் அது சுவர் வழியே பரவிச் சமனாகும். மின்கடத்தாத் தொட்டியில், எதனோடும் இணைக்கப்படாமல் தனித்து நிற்கும் உலோக வாய்வளையம், வடிகால் வால்வு, உணரித் தகடு போன்றவற்றில் மின்னூட்டம் சேர்ந்து, நிரப்பும் குழாயின் முனை நெருங்கும்போது பொறியாகத் தாவக்கூடும். எரிபொருள் ஆவியைப் பற்றவைக்க 0.2 மில்லி ஜூல் ஆற்றலே போதும். கைவிரல் உணரும் சிறு பொறியில் அதைவிட அதிக ஆற்றல் இருக்கும்.

எனவே தொட்டியில் உள்ள உலோகப் பாகங்கள் எல்லாவற்றையும் கம்பியால் ஒன்றோடொன்று இணைத்து விமான உடலோடு சேர்க்க வேண்டும். எரிபொருள் நிரப்பும்போது, மூடியைத் திறக்கும் முன்பே விமானத்தையும் பம்பையும் இணைக்க வேண்டும். பிளாஸ்டிக் கேனிலிருந்து பிளாஸ்டிக் புனல் வழியாக ஊற்றும் பழக்கத்தில் இந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது.

230 உயிர்கள் சொன்ன பாடம்

தொட்டிக்குள் செல்லும் அளவுக் கம்பி எவ்வளவு ஆபத்தானதாக மாறலாம் என்பதை உலகம் 1996-இல் கண்டது. அந்த ஆண்டு ஜூலை 17 அன்று நியூயார்க்கிலிருந்து பாரிஸ் நோக்கிப் புறப்பட்ட டிடபிள்யூஏ 800 விமானம் சில நிமிடங்களில் வெடித்து அட்லாண்டிக் கடலில் விழுந்தது. அதில் இருந்த 230 பேரும் இறந்தனர்.

நான்கு ஆண்டு விசாரணைக்குப் பின் அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், நடுத் தொட்டியில் இருந்த எரிபொருள் ஆவி பற்றி வெடித்ததே காரணம் என்று முடிவு செய்தது. பற்றவைத்தது எது என்று உறுதியாகக் கூற முடியவில்லை. ஆயினும், தொட்டிக்கு வெளியே ஏற்பட்ட மின்கசிவால் மிகை மின்னழுத்தம் எரிபொருள் அளவுக் கம்பிகள் வழியே உள்ளே சென்றிருக்க வேண்டும் என்பதே ஆராய்ந்தவற்றுள் மிகவும் சாத்தியமான காரணம் என்று வாரியம் கூறியது. இந்த விபத்தைத் தொடர்ந்து 2001-இல் பயணிகள் விமானங்களின் எரிபொருள் தொட்டி வடிவமைப்பை மறுஆய்வு செய்யும் விதியும், 2008-இல் தொட்டிகளில் பற்றும் தன்மையைக் குறைக்கும் விதியும் வந்தன.

போயிங் 747 விமானத்தையும் வீட்டில் கட்டிய இரு இருக்கை விமானத்தையும் ஒப்பிட முடியாது. பாடம் மட்டும் ஒன்றே. உணரிக் கம்பியில் சாதாரணமாகப் பாயும் மின்னோட்டம் சிறியது. அதை அளவுமானியே கட்டுப்படுத்துகிறது. அந்தக் கம்பி, பக்கத்தில் செல்லும் 12 வோல்ட் கம்பியோடு உரசிச் சேர்ந்துவிட்டால் அந்தக் கட்டுப்பாடு மறைந்து முழு மின்னழுத்தமும் தொட்டிக்குள் செல்லும். ஆகவே உணரிக் கம்பியை ஸ்டார்ட்டர், விளக்குகள் ஆகியவற்றின் கம்பிக் கட்டிலிருந்து விலக்கிக் கொண்டுசெல்வதும், உலோகத்தைக் கடக்கும் துளைகளில் ரப்பர் வளையம் பொருத்துவதும், அளவுமானிக்குச் சிறிய ஃப்யூஸ் வைப்பதும் அவசியம்.

இந்தியாவில் எத்தனால் கேள்வி

20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரி 6 அன்று பெங்களூரில் அறிமுகமாகி, இன்று நாடெங்கும் பங்க்குகளில் விற்கப்படுகிறது. சிறிய விமானங்களில் பரவலாக உள்ள ரோட்டாக்ஸ் 912 வரிசை இயந்திரங்களுக்கு 10 சதவீதம் வரையே எத்தனால் அனுமதிக்கப்பட்டுள்ளது. பங்க் பெட்ரோலை அப்படியே விமானத்தில் ஊற்ற முடியாது என்பது இதன் பொருள்.

தொட்டிப் பாகங்களுக்கும் இது பொருந்தும். எத்தனால் நீரை ஈர்க்கும். சில வகை ரப்பர் கேஸ்கெட்டுகளை ஊதச் செய்யும். சில பிசின் வகைகளை மென்மையாக்கும். மிதவைக்குப் பதிலாக, அசையும் பாகமில்லாத மின்தேக்கி உணரியைப் பயன்படுத்துவோருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அத்தகைய உணரி எரிபொருளின் மின்காப்பு மாறிலியை வைத்தே அளவைக் கணக்கிடுகிறது. பெட்ரோலுக்கு அது ஏறத்தாழ 2. எத்தனாலுக்கு ஏறத்தாழ 24. கலவை மாறினால், தொட்டியில் ஒரு சொட்டும் கூடாமலே முள் உயரும்.

இறுதிச் சோதனை: லிட்டர் லிட்டராக

கசிவு நின்றது, எர்த் உறுதியானது என்பதோடு வேலை முடியாது. விமானத்தைப் பறக்கும் நிலைக்கு இணையாக மட்டம் செய்து நிறுத்தி, காலித் தொட்டியில் அளந்த எரிபொருளைச் சிறிது சிறிதாக ஊற்றி, ஒவ்வொரு முறையும் முள் எங்கே நிற்கிறது என்று எழுதிக்கொள்ள வேண்டும். பறக்கும்போது பயன்படுத்தக்கூடிய எரிபொருள் தீரும் நிலையில் அளவுமானி பூச்சியம் காட்ட வேண்டும் என்பது சான்றளிக்கப்பட்ட சிறிய விமானங்களுக்கு நீண்டகாலமாக வகுக்கப்பட்டிருந்த நெறி. ‘காலியாகும்போது மட்டும் சரியாகக் காட்டினால் போதும்’ என்று சிலர் இதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். இடைப்பட்ட அளவுகளும் உண்மையாக இருந்தால்தான் விமானி திட்டமிட முடியும்.

இறக்கைகள் நுனியை நோக்கிச் சற்று உயர்ந்திருப்பதால், உடலருகே உள்ள மிதவை தொட்டி நிறைவதற்கு முன்பே மேற்சுவரைத் தொட்டுவிடும். அதன் பிறகு ஊற்றும் லிட்டர்களை முள் அறியாது. பறக்கும்போதும் அந்த லிட்டர்கள் தீரும் வரை முள் நகராது. இது கோளாறன்று, அமைப்பின் இயல்பு. எழுதிவைத்த அட்டவணை இருந்தால் விமானி குழம்ப மாட்டார்.

எவ்வளவு நல்ல அளவுமானியாக இருந்தாலும் புறப்படும் முன் அளவுகோலைத் தொட்டிக்குள் விட்டுப் பார்ப்பதும், பறந்த நேரத்தைக் கொண்டு செலவைக் கணக்கிடுவதும் கைவிடக் கூடாதவை. அந்தக் கணக்கும் சரியாக இருக்க வேண்டும். 1983 ஜூலை 23 அன்று ஏர் கனடாவின் போயிங் 767 விமானம் ஒன்று அளவுமானிகள் பழுதான நிலையில், அளவுகோலால் அளந்து புறப்பட்டது. லிட்டரை எடையாக மாற்றும்போது கிலோவுக்குப் பதில் பவுண்டுக் கணக்கைப் பயன்படுத்தியதால், தேவையானதில் பாதிக்கும் குறைவான எரிபொருளே விமானத்தில் இருந்தது. நடுவானில் இரு இயந்திரங்களும் நின்றன. கிம்லி என்ற பழைய விமானத் தளத்தில் விமானிகள் அதைச் சறுக்கி இறக்கியதால் அனைவரும் உயிர் தப்பினர்.

1997 அக்டோபர் 12 அன்று கலிஃபோர்னியாவில் பாடகர் ஜான் டென்வருக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. அவர் ஓட்டியது, பெங்களூர் ஆய்வகம் முன்மாதிரியாகக் கொண்ட அதே லாங்-ஈஇசட் வகையில், வேறொருவர் வீட்டில் கட்டிய விமானம். எரிபொருள் தொட்டியை மாற்றும் கைப்பிடியை, கட்டியவர் விமானியின் தோளுக்குப் பின்னே எட்டாத இடத்தில் வைத்திருந்தார். எரிபொருளைக் காட்டும் கண்ணாடிகளில் அளவுக் குறிகள் இல்லை. புறப்படும் முன் எரிபொருளும் நிரப்பப்படவில்லை. கைப்பிடியைத் திருப்ப முயன்றபோது விமானம் கட்டுப்பாட்டை இழந்து கடலில் விழுந்தது. எரிபொருள் நிரப்பாததையும், கைப்பிடியின் இடத்தையும், குறியற்ற அளவுக் கண்ணாடிகளையும் விசாரணை அறிக்கை காரணிகளாகக் குறிப்பிட்டது.

அந்த விமானத்தின் இறக்கையோ இயந்திரமோ உடையவில்லை. ஒரு கண்ணாடியில் சில கோடுகள் வரையப்படவில்லை. விமானம் கட்டுபவர் பல ஆண்டு உழைப்பில் இறக்கைக்கும் இயந்திரத்துக்கும் காட்டும் கவனத்தில் ஒரு பிற்பகலையேனும், ஐந்து திருகுகள் கொண்ட அந்தச் சிறு தகட்டுக்கும் அதன் எர்த் கம்பிக்கும் ஒதுக்க வேண்டும். தயாரிப்பாளரின் கையேட்டைப் பின்பற்றி வேலையை முடித்து, உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளர் ஒருவரிடம் காட்டிய பிறகே விமானம் ஓடுபாதைக்குச் செல்ல வேண்டும்.